ஊர் ஊராய் வந்த வண்டிச் சத்தம்

கரட்டூர் கால்நடை மருந்தகத்தின் பின்கட்டில், வைக்கோலுக்கும் கரையான் அரித்த பதிவேடுகளுக்கும் நடுவில், இருபத்தாறு வருஷமாக ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அதன் சீட்டில் கோழிகள் தலைமுறை தலைமுறையாக அடைகாத்தன, சைலன்சருக்குள் குளவிகள் மண்ணை அப்பி வைத்திருந்தன, டேங்கில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரைத் துரு தின்று தீர்த்திருந்தது. அந்த வண்டியைத்தான் கம்பவுண்டர் இருளப்பன் ஆடி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில், அடையில் இருந்த கோழியிடம் "கொஞ்சம் எறங்கு தாயி" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தான்.

அவனுக்கு நாற்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, மாட்டு வைத்தியத்தைத் தவிர வேறு பேச்சுத் தெரியாது. கரட்டூருக்கு மேலே மலையின் மூன்றாவது மடிப்பில் பேச்சிமொட்டை என்று நாற்பது வீட்டு ஊர் ஒன்று இருந்தது, அங்கே இருநூற்றுப் பதினாறு மாடுகள் மிஞ்சியிருந்தன, போன ஐப்பசியில் கோமாரி வந்து முப்பத்தொரு மாடு செத்ததை இருளப்பன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். தடுப்பூசி மருந்து ஐஸ் பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது, ஐஸ் நாலு மணி நேரம்தான் தாங்கும், நடந்தால் ஏழு மணி நேரம் ஆகும். மருந்தகத்து ஜீப்பைப் பெரிய ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புது பைக்குகள் அந்தக் கல் பாதையில் வயிறு தட்டி நின்றன. இரவல் வாங்கிப் போன ஒரு பைக்கின் அடியில் ஓட்டை விழுந்த பிறகு ஊரில் யாரும் இருளப்பனுக்கு வண்டி கொடுப்பதில்லை. இந்தப் பழைய வண்டியோ உயரமானது, கனமானது, ஒரு காலத்தில் மாதம் இரண்டு தடவை பேச்சிமொட்டைக்கு ஏறி இறங்கியது என்று கரையான் மிச்சம் வைத்த பதிவேடு சொன்னது.

"ஓடுனா எடுத்துட்டுப் போங்க" என்று டாக்டர் சிரித்தார்.

இருளப்பன் அவசரப்படவில்லை. இறுகிப் போயிருந்த பிஸ்டன்மேல் பிளக் ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி, பிரசவம் பார்க்கிறவன் போல ஒன்பது நாள் காத்திருந்தான். பத்தாவது நாள் அது அரை விரற்கடை அசைந்தபோது டாக்டரைக் கட்டிப்பிடித்தான். டேங்குக்குள் கூழாங்கல்லைப் போட்டு, மண்ணெண்ணெய் விட்டு, ஊர்க்காரர்கள் வரும்போதும் போகும்போதும் ஆளுக்கு ஐம்பது குலுக்குக் குலுக்கும்படி வாசலில் வைத்தான். செயினை ஆயிலில் ஊறப்போட்டான், ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து முறுக்கினான், கார்புரேட்டரின் ஊசி முனை ஓட்டைகளைக் குதிரை வால் முடியால் குத்தி எடுத்தான், குளவிக் கூட்டைக் குளவி இல்லாத நேரம் பார்த்துக் கலைத்தான். ஆவணி பிறந்து நாலாம் நாள் காலை, முப்பத்தேழாவது உதையில், வண்டி ஓடியது. செயின் நடுங்கியது, புகைக்குழாய் நீலப் புகை விட்டது, விளக்கு எரிந்தது, ஹேண்டில் பாரைப் பிடித்த கை முழங்கை வரை அதிர்ந்தது.

ஆனால் சத்தம் இல்லை. ஒரு பொட்டுச் சத்தம்கூட இல்லை.

வாசலில் மாடு பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். "சத்தம் எங்கிட்டோ போயிருக்கும், வந்துரும்" என்றார் ஒருவர். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இருளப்பனும் சத்தம் வரும்வரை காத்திருக்காமல், ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பினான். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி செத்து நின்றது. சத்தம் கேட்காமல் எப்போது கியரை மாற்றுவது, எஞ்சின் மூச்சு வாங்குகிறதா திணறுகிறதா, ஒன்றும் தெரியவில்லை. ஐஸ் உருகியது. மறுவாரமும் அதே வளைவில் நின்றது. கெட்டுப்போன மருந்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தவனிடம் டாக்டர் சிரிக்காமல் சொன்னார், "இன்னும் ஒரு பெட்டிதான் இருக்கு இருளப்பன். அடுத்தது கார்த்திகைக்குப் பெறகுதான் வரும்."

அதே இரண்டு வாரமும், கிழக்கே பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி, தும்மலக்குண்டு மாவு மில்லில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மில் போதுமணியுடையது. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் போதும் என்று பெயர் வைக்கப்பட்டவள், நாற்பத்துநாலு வயது, அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை, இருபது வருஷமாக மில் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, காதோடு சொல்லும் ரகசியத்தைக்கூடத் தெருவுக்குக் கேட்கும்படிதான் சொல்வாள். அந்த இரைச்சலுக்குள்ளேயே பெல்ட் ஒரு நூல் விலகினாலும் கண்டுபிடித்துவிடுகிற காது அவளுக்கு. கரண்ட் இல்லாத ஒரு காலையில், மிளகாயும் மல்லியும் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, ஓடாத மில்லின் வாய்க்குள்ளிருந்து டகடகவென்று சத்தம் கிளம்பியது. பெண்கள் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். போதுமணி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மோட்டார் சைக்கிளு. ரொம்ப நாளா ஓடாம கெடந்த வண்டி. ஓட்டுறவன் சோக்க அதிகமா இழுக்குறான்" என்றாள்.

வண்டியில்லாத சத்தம் இங்கே இருந்தால் சத்தமில்லாத வண்டி எங்கேயோ இருக்க வேண்டும் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஊர் ஊராகப் பால் எடுக்கும் வேன் டிரைவர் வீரணனிடம் விசாரித்தாள். அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், "நம்ம கரட்டூர் கம்பவுண்டரு வண்டிதான்" என்று நம்பரைக் கொடுத்தான்.

"கம்பவுண்டரா? ஒங்க வண்டிச் சத்தம் எங்க மில்லுல கெடக்கு."

"அப்படிங்களா? நல்லதுங்க. எங்கிட்டுப் போச்சோன்னு இருந்தேன்."

"முந்தாநேத்து ஏதோ மேட்டுல ஏத்துனீகல்ல? மூணாவது திருப்பத்துல மூச்சு முட்டி நின்னுச்சுல்ல?"

இருளப்பன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தான். "ஒங்களுக்கு எப்படிங்க..."

"கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன், மனசு கெடந்து அடிச்சுக்கிருச்சு. நாலு தட்டுக்கு ஒரு தட்டு விழுகல ஒங்க வண்டிக்கு. பாயின்ட்டப் பாருங்க."

மறுநாள் மத்தியானம் அவன் தீப்பொறி தட்டும் பாயின்ட்டைக் கழற்றி எமரித்தாளில் தேய்த்து, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற, அவள் மில்லில் உட்கார்ந்து போனில் சொல்லிக்கொண்டே வந்தாள்: இன்னும் கொஞ்சம், போதாது, கூடிருச்சு, திரும்புங்க, அங்கதான், அங்கயேதான், நிப்பாட்டுங்க! விட்டுப்போன தட்டு வந்து விழுந்தது. விழுந்த அந்த நொடியில் சத்தம் மில்லை விட்டுக் கிளம்பி, நாலு கிலோமீட்டர் மேற்கே, வேப்பங்கோட்டை நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக் கரும்பலகைக்குள் போய் இறங்கியது.

ஒவ்வொரு குறையாகத் தீரத் தீரச் சத்தம் வண்டியைப் பார்த்து வரும் என்பது இருவருக்கும் அப்போது தெரிந்துபோயிற்று. ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. எந்த ஊருக்கு எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள். போனில் கேட்டால் எஞ்சினின் நுணுக்கமான தட்டெல்லாம் அமுங்கிப்போவதால் போதுமணி நேரில் போயே ஆக வேண்டியிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மில்லைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினாள், வேப்பங்கோட்டைப் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். தலைமையாசிரியை அந்த நேரத்தைப் பாடவேளையாகவே மாற்றி, பன்னிரண்டு நாள் வாய்ப்பாட்டை எஞ்சின் தாளத்துக்குச் சொல்ல வைத்தார். பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட ஒரே மூச்சில் ஓடிக் கடந்தார்கள். பன்னிரண்டாவது நாள் போதுமணி, "இருமுது கம்பவுண்டரே, பெட்ரோலு கூடுதலாப் போகுது, கார்புரேட்டர் ஊசிய ஒரு படி எறக்குங்க" என்றாள். இருமல் நின்றது. சத்தம் ஊத்துப்பாறைக் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டது. வகுப்பே ஜன்னலுக்கு ஓடிக் கையசைத்தது.

ஊத்துப்பாறையில் ஆவணிக் கடைசி முகூர்த்தம். பெண்ணின் அப்பா காலையிலேயே போதுமணியைப் பார்த்து, "இன்னைக்கி ஒரு நாளு வண்டிய ஓட்ட வேணாம்னு சொல்லும்மா, மேளத்த அமுக்கிரும்" என்று கேட்டுக்கொண்டார். அதுவும் நியாயம்தான் என்று அவள் பந்தியில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் மேளக்காரர்கள் வந்த வேன் வழியில் டயர் வெடித்து நின்றுபோனது. முகூர்த்த நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது அதே அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்திக்கு ஓடி வந்தார்.

"அம்மா, அந்த வண்டிய ஓட்டச் சொல்லு. நல்லா வேகமா ஓட்டச் சொல்லு!"

பாயசக் கையோடு போதுமணி போனை எடுத்தாள். "கம்பவுண்டரே, உதைங்க! முறுக்குங்க! தாலி கட்டப் போறாக!"

கரட்டூரில் இருளப்பன் கன்றுக்குட்டிக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே விட்டுவிட்டு ஓடி, ஆறாவது உதையில் எழுப்பி, ஆக்சிலேட்டரைக் கடைசி வரை முறுக்கினான். மண்டபத்தில் பதினெட்டுத் தவில் ஒன்றாக முழங்கியது போல ஒரு இரைச்சல் எழுந்தது, பெண்கள் அதற்கு மேலே குலவையிட்டார்கள், அட்சதை பறந்தது, மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் ஒரு மூச்சில் போட்டுவிட்டான். தன் கையில் ஊமையாக நடுங்கிக்கொண்டிருந்த வண்டி ஒன்பது கிலோமீட்டர் தள்ளி அப்படிக் கர்ஜிப்பதைப் போன் வழியாகக் கேட்ட இருளப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவிலும் போதுமணியின் குரல் தெளிவாகக் கேட்டது:

"டேப்பெட்டு தட்டுது கம்பவுண்டரே! மேல ஒரு கட கட இருக்கு. சாயங்காலம் பாருங்க!"

வால்வைத் தட்டும் டேப்பெட் சரியானதும் சத்தம் கோவிலாங்கரைப் பால் சொசைட்டிக்கு வந்தது. அங்கிருந்து கரட்டூர் ஐந்தே கிலோமீட்டர். அங்கேதான் மாட்டிக்கொண்டது.

கோவிலாங்கரையில் நாற்பது பால் கேன்கள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வண்டி ஓடும்போது நாற்பதும் ஒன்றாக முழங்கின. அந்த முழக்கம் கேட்ட மாடுகள் காலை அகட்டி நின்று பாலை அடக்காமல் விட்டன. பத்து நாளில் ஊர் அதைக் குடும்பத்தில் ஒரு ஆளாக்கிக்கொண்டது. கறவை நேரத்துக்குத் தவறாமல் வண்டியை ஓட்டும்படி கரட்டூருக்கு ஆள் அனுப்பினார்கள், கேன்களுக்குப் பந்தல் போட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் மாலை போட்டார்கள். புரட்டாசி பாதி கழிந்துவிட்டது. போதுமணி தினமும் போய் உட்கார்ந்து கேட்டாள். எங்கேயோ மெல்லிசாக ஒரு குறை இருந்தது, அது அவள் காதுக்கும் பிடிபடவில்லை. ஒரு நாள் அவள் போனபோது சொசைட்டி செயலாளர் கருத்தபாண்டி பந்தல் வாசலிலேயே நின்றார்.

"நீ இனிமே வர வேணாம் தாயி. சத்தம் இங்கயே இருந்துட்டுப் போகட்டும். எங்க மாடு வேளைக்கு ஒரு லிட்டர் கூடக் கறக்குது."

"சத்தம் இங்க இருந்தா வண்டி அங்க ஊமையா நிக்கும்ணே."

"நிக்கட்டுமே. இருவத்தாறு வருசம் நின்ன வண்டிதான?"

அவருக்குப் பின்னால் ஊரே நின்றது. போதுமணிக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவள் குரல், அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, தாழ்ந்து வந்தது. பின்னால் நின்றவர்கள் கேட்பதற்காக முன்னால் நெருங்கி வந்தார்கள்.

"அண்ணே, இன்னைக்குக் காலையில கம்பவுண்டரு போன் போட்டாரு. பேச்சிமொட்டைக்குப் பின்னாடி சரிவுல ரெண்டு மாட்டுக்கு நொர தள்ளிருச்சாம். வாயெல்லாம் புண்ணு. பசிக்குது, புல்லு முன்னாடி கெடக்கு, திங்க முடியல. கன்னுக்குட்டி மடிய முட்டுது, ஒதச்சு விடுது. ஒங்களுக்கு நான் சொல்லணுமாண்ணே, மாடு வச்சிருக்கவுக நீங்க."

கருத்தபாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எத்தன மாடு மேல?"

"இருநூத்திப் பதினாறு."

"சரி. என்ன கொறைன்னு சொல்லு. நாங்களும் கேக்குறோம்."

அப்புறம் பார்க்க வேண்டுமே அந்த ஊரை! இருளப்பன் அங்கே வண்டியை உதைக்க, இங்கே அறுபது பேர் கேன்களைச் சுற்றிக் காதைச் சாய்த்து நின்றார்கள். அறுபது பேரும் அறுபது விதமாகச் சொன்னார்கள். செயின் என்றார் ஒருவர், சக்கரம் என்றார் ஒருவர், வண்டிக்குத் தாகம் என்றார் ஒருவர். எல்லோரும் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு, கேன் கழுவுகிற சடையன் ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி மெதுவாகச் சொன்னான்:

"கேனு மூடியில வாசர் சரியா ஒக்காரலன்னா இப்படித்தான் 'உஸ்'ஸுன்னு ஒரு மூச்சு விடும். எங்கிட்டோ மூடி கசியுது."

போதுமணி அவனைப் பார்த்தாள். கண்ணை மூடிக் கேட்டாள். அதேதான்! டகடகவுக்கு அடியில், ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால், ஊசி மாதிரி ஒரு 'உஸ்'. "கம்பவுண்டரே!" என்று அவள் கத்திய கத்தில் பந்தல் காகங்கள் பறந்தன. "கேஸ்கட்டு! தலையக் கழட்டுங்க!"

எஞ்சின் தலைக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கட் தகடு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கம்பெனி பெயரே தெரியாத வண்டிக்கு யாரிடம் கேட்பது? இருளப்பன் கழற்றிய பழைய தகட்டை வீரணன் பால் வேனில் கொண்டுவந்தான். கருத்தபாண்டியின் மனைவி உள்ளே போய், கல்யாணத்துக்குச் சீராக வந்த செப்புத் தவலையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். பாத்திரக்காரர் அதை வெட்டித் தட்டிச் சமமாக்கி, பழைய தகட்டை மேலே வைத்து வரைந்து கத்தரித்தார், அடுப்பில் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டார். அது 'சொய்ங்' என்று அடங்கியபோது நிறையப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தங்கள் சத்தத்தைத் தாங்களே வழியனுப்புகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இருளப்பன் நட்டுகளைக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி, கால் திருப்பு கால் திருப்பாக இறுக்கினான். போதுமணி போனைக் காதில் வைத்துக்கொண்டு கேன்களின் பக்கத்தில் நின்றாள். அவன் உதைத்தான்.

நாற்பது கேன்களும் ஒரே ஒரு தடவை முழங்கின. 'உஸ்' இல்லை. அடுத்த நொடி சத்தம் பந்தலை விட்டு வெளியே பாய்ந்தது. இந்தத் தடவை அது ஒரே தாவாகத் தாவவில்லை. ரோட்டில் இறங்கி, எல்லோரும் கேட்க, எல்லோர் காதையும் உரசிக்கொண்டு, மேற்கே ஓடியது. "வேன எடுங்கண்ணே!" என்று கத்திக்கொண்டு போதுமணி வீரணன் பக்கத்தில் தாவி ஏறினாள். சத்தம் முன்னால், வேன் பின்னால். ஒன்றுமில்லாத ரோட்டைப் பார்த்து நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடின, ஆடுகள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன, எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் ஓரம் கட்டிக் கையைக் காட்டி அனுப்பினார். "விடாதீக! திருப்பத்துல கொறையுது பாருங்க, இப்பப் பிடிச்சிரலாம்!" என்று அவள் டேஷ்போர்டைத் தட்டினாள். பின்னால் பால் கேன்கள் உருண்டன.

மருந்தக முற்றத்தில் இருளப்பன் ஊமை வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதலில் தூரத்தில், புளியமரங்களுக்கு அப்பால், ஈ பறப்பது போல. பிறகு பாலத்துக்கு இந்தப் பக்கம். பிறகு கடைத்தெரு. டாக்டர் வெளியே ஓடி வந்தார். தாயைத் தேடி வந்த கன்றுக்குட்டி மடியில் முட்டுவது போல அந்தச் சத்தம் முற்றத்துக்குள் பாய்ந்து எஞ்சினுக்குள் புகுந்தது. வண்டி ஒரு தடவை சிலிர்த்து, டக டக டக டக என்று தன் வாயாலேயே பேசத் தொடங்கியது.

வேன் வந்து நின்றது. புழுதிக்குள்ளிருந்து ஒரு பெண் இறங்கினாள். ஒரு மாதத்துக்கு மேலாகத் தினமும் பேசிக்கொண்டிருந்த இருவரும் அப்போதுதான் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருளப்பன் ஆயில் கையைச் சட்டையில் துடைத்தான்.

"மில்லுக்காரம்மா..."

"பேச்சு அப்பறம். ஐஸ் உருகுது" என்று சொல்லிவிட்டு, கடைசிப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மலை தொடங்கியது. முதல் வளைவில் கிளைகள் முகத்தில் அடித்தன, இரண்டாவதில் கல் உருண்டது. மூன்றாவது வளைவில் வண்டியின் குரல் கனத்தது.

"ரெண்டாவது போடுங்க!"

"எனக்கே கேக்குதுங்க!"

"கேக்கட்டும், நானும் சொல்லுவேன்!"

அவன் சிரித்துக்கொண்டே கியரை மாற்றினான். வண்டி ஒரு மூச்சு வாங்கியது, நிற்கவில்லை, ஏறியது. நாலாவது வளைவு, ஐந்தாவது, ஓடையின் உருண்டைக் கற்கள், மூங்கில் புதர், மேகம். போதுமணி இடமும் வலமும் சாய்ந்து, பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, யாருக்கென்று இல்லாமல் "ஏறு ராசா, ஏறு ராசா" என்று கத்திக்கொண்டே போனாள். ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் பேச்சிமொட்டை வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது, மலைக் குளிரில் அது சாயங்காலம் வரை தாங்கும். அங்கே ஐஸைப் பார்த்திராதவர்கள் ஆளுக்கு ஒரு விரல் தொட்டுப் பார்த்தார்கள்.

அவள் மாட்டின் கொம்பைப் பிடிக்க, அவன் ஊசி போட்டான். ஊரில் ஒரு வீடு விடவில்லை. முரட்டுக் காளை ஒன்று போதுமணியைச் சேற்றில் தள்ளியது. எழுந்து வந்து அதன் காதுக்குள் அவள் ஏதோ கத்த, அது திகைத்து நின்ற நேரத்தில் ஊசி இறங்கிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு இருநூற்றுப் பதினாறாவது மாடு, ஒரு சிவலைப் பசு, வாலைச் சுழற்றிவிட்டு மேயப் போனது.

மழைக்குளிர் இறங்கியிருந்தது. வண்டியின் மேலெல்லாம் நீர் முத்து கோத்திருந்தது. ஊர் முழுக்கச் சுற்றி நிற்க, இருளப்பன் கிக்கரில் காலை வைத்து ஒரே ஒரு உதை உதைத்தான். முதல் உதையிலேயே எஞ்சின் உயிர் பெற்று, சீராக, திருத்தமாக ஓடத் தொடங்கியது. அவன் டேங்கைத் தடவிக் கொடுத்தான்.

கன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண், சேறு காய்ந்த சேலையோடு பின்னால் ஏறிக்கொண்டிருந்த போதுமணியிடம், "ஒங்க வீட்டுக்காரரா அக்கா?" என்று கேட்டாள்.

போதுமணி மெதுவாகத்தான் பதில் சொன்னாள். ஆனால் அவள் மெதுவுக்கு எஞ்சின் சத்தம் எம்மாத்திரம்? நாற்பது வீட்டுக்கும், சரிவில் மேய்ந்த மாடுகளுக்கும், முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கும் அது நன்றாகவே கேட்டது.

"இன்னும் கேக்கல தங்கச்சி. போற வழியில கேக்கலாம்னு இருக்கேன்."

இருளப்பன் காதில் விழாதவன் போலப் பாதையையே பார்த்துக்கொண்டு, நிதானமாக முதல் கியரைப் போட்டான். கிளட்சை விடுவதில்தான் அவசரப்பட்டுவிட்டான். வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது, காலிப் பெட்டியின் மூடி பறந்து போனது, போதுமணி அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஊரே சிரிக்க, மூடியை எடுக்க யாரும் நிற்காமல், அவர்கள் மலையிறங்கினார்கள்.